பழைய செல் பற்றிய சுற்றறிக்கை

நிர்வாக வரலாற்றிலேயே ஒரு கல்லீரலுக்காகச் சுற்றறிக்கை விட்ட முதல் அலுவலகம் எங்களுடையது. அந்தக் கல்லீரல் என்னுடையது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் ஆவணப் பிரிவின் கண்காணிப்பாளர். ஓய்வு பெற வேண்டிய வயது கடந்து நான்கு வருஷம் ஆகிறது. 'அனுபவத்தின் அவசியம் கருதி' வருஷா வருஷம் நீட்டிக்கிறார்கள். கருதுகிற குழுவுக்கு நானே செயலாளர் என்பது தற்செயல்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு" என்றார்.

"வாயில இருந்தது எப்ப டாக்டர் கீழ எறங்குச்சு?" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. ஈரலின் செல்கள் காலத்துக்கு முன்பே கிழடாவதும் இந்த நோயை முற்றவைக்கும் என்றார். இவ்வளவு பெரிய விஷயத்தை நான் ஒருவனே அனுபவிப்பது நியாயமா? எங்கள் ஊழியர்களிடம் பேச வரும்படி அவரை அழைத்தேன்.

'பழைய செல்களால் விளையும் ஆபத்து: மருத்துவர் உரை. அனைவரும் தவறாது வரவும்.' நானே எழுதி, நானே சரிபார்த்து, நானே ஒப்புதல் தந்த சுற்றறிக்கை. பிழைக்கு ஏது இடம்?

முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். பத்தொன்பது பேர் கையில் பழைய செல்போன். டிரைவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"மாத்திக் குடுப்பாங்கன்னு சொன்னாங்களே சார்."

டாக்டர் கெட்டிக்காரர். பையிலிருந்து ஒன்றை எடுத்தார். "இது கூப்பிட்டா எடுக்குமா?"

"எடுக்காது."

"அப்புறம் ஏன் தூக்கிப் போடல?"

"மனசு வரல டாக்டர்."

"ஈரல்லயும் இதே கதைதான். கெழட்டு செல்லு புதுசா ஒண்ணை உண்டாக்காது. தானும் சாகாது. சரி, சும்மாவாவது கெடக்குமா? இந்த பேட்டரி வீங்கி நிக்குது பாருங்க, அந்த மாதிரி எதையாவது கசியவிட்டு, பக்கத்துல இருக்கறதையும் வீங்க வைக்கும், கெழடாக்கும். கொழுப்பு கரையாது. விட்டா ஈரலே தழும்பா இறுகிடும்."

முப்பத்திரண்டு தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. ஏற்பாட்டாளருக்கு நன்றி சொல்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

"அதை வெளிய அனுப்ப மருந்து இல்லையா டாக்டர்?" என்று கேட்டார் என் உதவிக் கண்காணிப்பாளர். பதினொரு வருஷமாக என் பக்கத்து மேஜையில் இருக்கிற அம்மாள்.

"ஆராய்ச்சி நடக்குது. இப்போதைக்கு எடையைக் குறைக்கணும், தெனமும் நடக்கணும்."

"எங்க வரைக்கும் நடக்கணும்? கேட் வரைக்கும் போனா போதுமா?" என்றார் டிரைவர். ஏன் எல்லாரும் சிரித்தார்கள் என்பது கூட்டக் குறிப்பில் இல்லை.

மறுநாள் அந்த அம்மாள் என் அறைக்கு வந்தார்.

"சார், மாசக் கடைசியில எனக்கு ரிட்டையர்மென்ட். எங்களுக்கெல்லாம் நீட்டிப்பு கெடையாது. நீங்க ஒரு வாரம் முன்னாடி எழுந்துட்டீங்கன்னா, அந்த நாற்காலியில ஒரு வாரம் உக்காந்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். வேற ஒண்ணும் கேக்கல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இளகிய மனசு, என்ன செய்ய? "இப்பவே எழுதறேம்மா" என்றேன். எழுதினேன். 'என்னை விடுவிக்க வேண்டுகிறேன்.' 'மிக அவசரம்' முத்திரையும் குத்தினேன். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? கோப்பு குழுவுக்குப் போயிற்று. குழுவைக் கூட்ட வேண்டிய செயலாளர், டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்காக இரண்டு வாரம் விடுப்பில் இருந்தார். திரும்பிவந்து கூட்டியபோது தேதி ஒன்று.

முந்தின நாள் மாலை பிரிவுபசாரம். விடுப்பிலும் வந்து நான்தான் பேசினேன். "குறித்த நாளில், யாருக்கும் தொந்தரவில்லாமல் இடத்தைக் காலி செய்கிறார். இப்படி ஒருவரைப் பார்ப்பது அபூர்வம்" என்றேன். அந்த அம்மாள் கைகூப்பி, "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார்.

குழு என் வேண்டுகோளை ஏகமனதாக நிராகரித்து, இன்னும் ஓராண்டு நீட்டித்தது. தீர்மானத்தை நானே எழுதினேன். நல்ல செல்கள் நேரத்துக்குக் கிளம்பிவிடுகின்றன. ஈரலில் மிஞ்சியிருப்பது நாங்கள்தான்.