மகளின் போஸ்டரைத் திருத்திக் கொடுத்தேன்

அன்றைக்குக் கோயமுத்தூரில், என் மகள் படித்த கல்லூரியின் கூடத்தில் இருந்தவர்கள்:

நான். பல்லடத்தில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை. படிப்பு எட்டாவது.

என் மனைவி கலாமணி.

அவளுடைய அண்ணன் துரைசாமி. கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். வாய் மூட மாட்டார்.

என் மகள் தாரணி.

அவளுக்குப் பாடம் நடத்தும் மேடம்.

கூடப் படிக்கும் முப்பத்தெட்டுப் பேர். அவர்களைப் பெற்றவர்களில் பாதிப் பேர்.

இவர்கள் போக, நான் சுருட்டிக் கொண்டுபோன போஸ்டருக்குள் பதினேழு பேர். வினை அங்கேதான்.

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. பேசுகிறவனுக்குப் பொறாமை வந்தால் வாய் வழியாகப் போய்விடும். பேசாதவனுக்கு அது கைக்கு இறங்கும். என் கை அப்போது மவுசின் மேல் இருந்தது.

இது நடந்து நாலு வருஷம் ஆயிற்று. அப்போது தாரணி இரண்டாம் வருஷம். சினிமா, விளம்பரம் எல்லாம் சொல்லித்தருகிற படிப்பு. (என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் கலாமணி ‘கம்ப்யூட்டருங்க’ என்று சொல்லிவிடுவாள். பேச்சு சீக்கிரம் முடியும்.) இல்லாத ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிஷத்தில் டிரெய்லர், கூடவே ஒரு போஸ்டர் செய்து வரச் சொன்னார்கள். டிரெய்லர் என்றால் இப்படி, போஸ்டர் என்றால் இப்படி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதில் எதை வைத்துக்கொண்டாய், எதை உடைத்தாய், ஏன் உடைத்தாய் என்று எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். முதலாவது வருகிறவர் சென்னையில் நடக்கிற மாணவர் போட்டிக்குப் போவார். வகுப்புக்கு ஒருவர்தான். தாரணிக்கு எப்படியாவது அங்கே போய்விட வேண்டும். ஒரு மாதம் சோற்றைப் பிசைந்தபடி அதையே பேசினாள்.

அவள் படத்தின் பெயர் ‘தறி நின்ன நாள்’. சோமனூரில் முப்பது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிற ஒருவர். யாரிடமும் பேச மாட்டார். ஒருநாள் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றுவிடுகிறது. அன்றுதான் அவர் வாய் திறக்கிறார்.

“எல்லா டிரெய்லரும் மெதுவா ஆரம்பிச்சு வெடிச்சு முடியுமுங்கப்பா. நாஞ் செய்யறது சத்தத்துல ஆரம்பிக்கும். கடைசிப் பத்து செகண்டு ஒண்ணுமே கேக்காது” என்றாள்.

பேசாத ஆள். ஐம்பது வயது. லுங்கி, பனியன். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். நடிக்க வரச் சொல்லி அவளே கேட்கட்டும் என்று இருந்தேன்.

“மாமாகிட்டச் சொல்லீட்டனுங்க. ஞாயித்துக்கெழம வாரேன்னுட்டாரு.”

ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

“ஏங்கண்ணு” என்றேன்.

“உங்களக் கேமரா முன்னால நிறுத்துனா மூச்சே உட மாட்டீங்க. ரேசன் கார்டு போட்டோவுக்கே மூணு தடவ எடுத்தாங்க.”

உண்மைதான். மறுசோறு வாங்காமல் எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். பட்டு வேட்டி கட்டியிருந்தார். தறி ஓட்டுகிறவர் பட்டு வேட்டி கட்டமாட்டாரே மாமா என்று தாரணி சொன்னதும், கலாமணி உள்ளே போய் என் நீலக் கட்டம் போட்ட லுங்கியை எடுத்து வந்து கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. அது நல்ல லுங்கி.

சோமனூர்த் தறிக் குடோனில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. வெளிச்சத்தை ஆள்மேல் திருப்ப வெள்ளையாக எதையாவது பிடிக்க வேண்டுமாம். என் கடையில் மிச்சமான பிளக்ஸின் பின்பக்கம் வெள்ளை. அதை விரித்து ஆறு மணி நேரம் பிடித்தேன். மச்சான் முகம் தகதகவென்று இருந்தது. என் பக்கம் திரும்பியிருந்த பிளக்ஸில் யாரோ ஒருவருடைய பிறந்தநாள். அவர் ஆறு மணி நேரமும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பேசாத ஆளாக நடிக்க வந்த மச்சான் பேசிக்கொண்டே இருந்தார்.

“மாமா, உங்க உதடு ஆடுதுங்க.”

“தறிச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது கண்ணு?”

“கேக்காதுங்க. ஆனாத் தெரியுதுங்களே.”

“செரி செரி. இந்தா, மூடிட்டேன்.” மூடியதையும் சொல்லிவிட்டுத்தான் மூடினார்.

கடைசியில் உதடு ஆடாத இடங்களை மட்டும் வெட்டி எடுத்தாள். அவர் கை, கால், ஓடுகிற தறி, அறுந்த நூல். அது நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் ஆள் மாறிவிட்டார். பண்ணைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார். (கோழிகள் மிரண்டதாகக் கேள்வி.) எங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று முறை வந்தார். நான் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். வெடக்கோழிக் குழம்பில் ஈரல் முதலில் அவருக்குப் போயிற்று.

“நடிப்புங்கறது வாயில இல்ல மாப்ள. கண்ணுல இருக்குது” என்றார், ஈரலை வாயில் வைத்துக்கொண்டு.

நான் கை கழுவப் போனேன்.

போஸ்டர் வேலை மட்டும் என் கடைக்கு வந்தது. கல்லூரியில் காட்டுவதற்கு முந்தின நாள் தாரணி பென் டிரைவைக் கொடுத்தாள்.

“ஆறடிக்கு நாலடிங்கப்பா. அப்படியே அடிச்சிருங்க. நாங் காலைல மொத பஸ்ஸுக்குப் போயிருவேன். நீங்க வரும்போது கொண்டாந்துருங்க.”

அப்படியே என்றுதான் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

திறந்து பார்த்தேன். முக்கால்வாசி காலி. சாம்பல் நிறம். கீழே வலது மூலையில் ஒரு தறி. அதன் முன்னால் லுங்கி பனியனோடு ஒரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிறான். முகமே இல்லை. படத்தின் பெயர் பொடி எழுத்தில். அடியில் இரண்டு வரி ஒல்லியான இங்கிலீஷ். சினிமா போஸ்டரில் எல்லாம் அடியில் அப்படி இருக்கும். யார் படிக்கிறார்கள்? எழுத்துக் கூட்டினால் நானும் படித்துவிடுவேன். கூட்டவில்லை.

நான் பார்த்தது லுங்கியை. கறுப்பு வெள்ளையிலும் கட்டம் தெரிந்தது. என் லுங்கி. அதில் மச்சான். முதுகைக் காட்டிக்கூட ஹீரோ ஆகிவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காலி இடம் விட்டு அடித்துக் கொடுத்தால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். ‘இத்தன எடம் சும்மா கெடக்குதுங்களே, எங்க பெரியப்பனப் போட்ருக்கலாமல்லங்க?’ என்பார்கள். அதனால் காலி இடத்தைக் கண்டால் நிரப்பிவிடுவோம். சொல்லாமலே செய்வோம். நல்லது என்றுதான் செய்வோம்.

முதலில் சாம்பலைத்தான் கொஞ்சம் சிவப்பாக்கினேன். சிவப்பு வந்ததும் பெயர் எடுபடவில்லை. பெரிதாக்கித் தங்கக்கலர் அடித்தேன். தங்கத்துக்குப் பின்னால் மின்னல் இருந்தால்தான் நிற்கும். மின்னல் வைத்தேன். இப்போது நடுவில் ஒரு தலை இல்லாதது உறுத்தியது.

கம்ப்யூட்டரில் என் போட்டோ ஒன்று இருந்தது. தம்பி கல்யாணத்தில் எடுத்தது. மீசை கறுப்பு. அதை நடுவில் வைத்தேன். மூன்றடி உயரம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் ஒன்றும் வைத்தேன். கைவசம் இருந்த ஒளிவட்டம் அதுதான். (எந்த விசேஷத்துக்கு வைப்பது என்று யோசிக்கவில்லை.) மச்சான் முதுகைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி மின்னலுக்குக் கீழே தள்ளினேன்.

என்னை மட்டும் போட்டால் சொந்தத்தில் பேச்சு வரும். ஒரு ஆளை விட்டால் மூன்று வருஷம் விசேஷத்துக்கு வரமாட்டார்கள். அடியில் இருந்த இங்கிலீஷை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சொந்தக்காரர் பதினாறு பேரை ஸ்டாம்பு அளவில் வரிசையாக வைத்தேன். முதலில் கலாமணி. பதினாறாவது மச்சான். அந்த வரிசைக்கு மேலே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று தானாக வந்தது. அந்த வரிசை எப்போதும் அதோடுதான் வரும். எடுக்கத் தோன்றவில்லை.

அடித்து முடித்ததும் தள்ளி நின்று பார்த்தேன். இப்போதுதான் போஸ்டர் மாதிரி இருந்தது.

மறுநாள் கூடத்தில் டிரெய்லர் ஓடியது. தறிச் சத்தம் காதை அடைத்தது. பிறகு சட்டென்று நின்றது. கடைசிப் பத்து செகண்டு யாரும் இருமவில்லை. அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள். மச்சான் எழுந்து நின்று கும்பிட்டார். நான் என் மடியிலிருந்த சுருளைத் தடவிக்கொண்டேன்.

தாரணி கீழே வந்து சுருளை வாங்கிக்கொண்டு போனாள். கூடப் படிக்கும் இரண்டு பேர் மேடையில் பிடித்து விரித்தார்கள்.

ஒரு ஓரத்தில் சிரிப்பு கேட்டது. பிறகு எல்லா ஓரத்திலும்.

தாரணி போஸ்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி போஸ்டரைப் பார்த்தாள்.

பின் வரிசையில் ஒருத்தி கேட்டாள். “ஹீரோ எறந்துட்டாருங்களா?”

ஒளிவட்டம் கண்ணீர் அஞ்சலிக்கு வைப்பது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேடம் சிரிக்கவில்லை. “சொல்லுங்க தாரணி. இந்தப் போஸ்டர்ல எந்த வழக்கத்த வச்சிருக்கீங்க? எத உடைச்சிருக்கீங்க?”

தாரணி மைக்கைக் கையில் எடுத்தாள். என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்.

“எல்லாத்தையும் வச்சிருக்கனுங்க மேடம்” என்றாள். “ஒண்ணையும் உடைக்கலீங்க.”

குரல் உடைந்தது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

“நாந்தானுங்க செஞ்சுபோட்டேன்.”

அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. ஒளிவட்டத்தில் இருக்கிறவர் எழுந்து பேசுகிறாரே என்று பின் வரிசை பயந்திருக்கும்.

மேடம் என்னையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாரணி முதலில் செய்தது இருக்கிறதா என்று கேட்டார். போனில் இருந்தது. அதைத் திரையில் போட்டார்கள். பத்தடி உயரத்துக்கு அந்த முதுகு வந்தது.

கூடம் அமைதியானது. டிரெய்லரின் கடைசிப் பத்து செகண்டு மாதிரி.

கலாமணி என் முழங்கையைப் பிடித்தாள்.

“ஏனுங்க. இது உங்க முதுகல்லங்க?”

“என்றதா?”

“இடது தோள்கிட்டப் பனியன்ல ஓட்ட பாருங்க. தெச்சுத் தாரேன்னு நாந்தான் சொல்லீட்டே இருக்கறேன்.”

மச்சான் எட்டிப் பார்த்தார். “ஆமா மாப்ள. என்ற முதுகு இத்தன ஒல்லியில்ல.”

மேடையில் தாரணி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். “போஸ்டருக்கு மாமா முதுகத்தானுங்க மொதல்ல எடுத்தேன். ஆனா அவரு திரும்பி நின்னாக்கூடப் பேசற மாதிரியே இருந்துச்சுங்க. எங்கப்பா சாயந்தரம் கடைல அதே லுங்கியோட மிசின் முன்னால நிப்பாருங்க. அவருக்குத் தெரியாம எடுத்தேன். மிசின எடுத்துப்போட்டுத் தறிய வச்சேன். பேசாத ஆளுக்கு மொகம் வேண்டாம்னு நெனச்சேனுங்க. அந்த முதுகே போதும்.”

மேடம் அடியில் இருந்த ஒல்லி இங்கிலீஷைப் படித்தார். முதல் வரியில் மச்சான் பெயர். இரண்டாவது வரி முழுக்க என் பெயர்தான். அந்த வரியின் மேல்தான் நான் பதினாறு பேரை உட்கார வைத்திருந்தேன்.

ஒருவனுக்குத் தன் முதுகு தெரியாது. அதனால்தான் அதன்மேல் பொறாமைப்பட்டு, அதைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, மின்னலுக்கு அடியில் தள்ள முடிந்தது.

அடித்துக் கொண்டுவந்ததற்குத்தான் மார்க் போட முடியும் என்றார் மேடம். அது அவர்கள் விதி. இரண்டு மார்க்கில் சென்னை கைநழுவிப் போயிற்று. வேறு ஒரு பையன் போனான். அவன் போஸ்டரில் ஒரு தேங்காய் மட்டும் இருந்தது. உடுமலைப்பேட்டைக்காரன். அவன் அப்பா கடையில் கொப்பரை விற்கிறார். போஸ்டரைத் தொடுவதில்லை.

வீடு திரும்பும்போது காரில் தாரணி பேசவில்லை. நானும் பேசவில்லை. கலாமணியும் பேசவில்லை. மச்சான் பேசினார்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. (எங்கள் வீட்டில் முதல் ஒன்றரை நாள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.) மூன்றாம் நாள் ஊசி நூலை எடுத்துப் பனியன் ஓட்டையைத் தைக்க உட்கார்ந்தேன். அவள் வந்து பிடுங்கினாள்.

“தெக்காதீங்க. அது அப்பிடியே இருக்கோணும்.”

நாலாம் நாள் பென் டிரைவை மேசைமேல் வைத்தாள்.

“இன்னொண்ணு அடிச்சுக் குடுங்க. ஒண்ணுமே சேக்கக் கூடாதுங்க.”

“இல்ல கண்ணு.”

“மின்னல்?”

“இல்ல.”

“பெரியப்பன்?”

“இல்ல சாமி.”

அப்படியே அடித்தேன். காலி இடத்தோடு அடித்த ஒரே பிளக்ஸ் அதுதான். கடையில் மிசினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. நான் மிசின் முன்னால் நின்றால் இரண்டு முதுகும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும். யாருடையது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். சிலர் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்கிறார்கள். அதற்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

தாரணி இப்போது சென்னையில் டிரெய்லர் வெட்டும் வேலையில் இருக்கிறாள். போட்டிக்குப் போகாமலே போய்ச் சேர்ந்தாள். வீட்டில் எந்த விசேஷத்துக்குப் பேனர் அடித்தாலும் முதலில் ஒரு கேள்வி வரும். “உங்களத் திருப்பிப் போடறதுங்களா, நேராப் போடறதுங்களா?” கலாமணிதான் கேட்பாள்.

மச்சானுக்கு இந்தக் கதை கிடைத்தது புதையல். பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். மின்னல் வரும் இடத்தில் கையைத் தூக்குவார். ஒளிவட்டம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். நன்றாகத்தான் நடிக்கிறார். நான் பக்கத்து இலையில் குனிந்து சாப்பிடுவேன். பேசாதவன் எண்ணிக்கொண்டாவது இருப்பான். போன மாதம் பல்லடத்துக் கல்யாணத்தோடு இருபத்தாறு விசேஷம்.

நேற்று உடுமலையில் ஒரு காதுகுத்து.

இருபத்தேழு.