கேற்றடிப் போதிசத்துவர்

கொழும்பில் சண்டைக் காலத்தில் ஓர் இனம் பெருகியது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருந்தார். கேற்றடிப் போதிசத்துவர் என்று அவரை அழைப்போம். சித்தார்த்தர் கிழவனைக் கண்டார், நோயாளியைக் கண்டார், பிணத்தைக் கண்டார், அரண்மனையை விட்டுப் புறப்பட்டார். நம்மவர் இவ்வளவையும் ஒரே கிழமையில் காண்பார். கண்டதும் உள்ளே போய்க் கேற்றைப் பூட்டுவார்.

சிவபாதசுந்தரத்தாரையே எடுங்கள். இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர், பரம்பரைச் சைவர். ஒருநாள் சோதனைச் சாவடியில் பயத்தில் வாய் தவறி, நிலையாதது என்று பௌத்தர் சொல்லும் "அனிச்ச"வைச் சொல்லிவிட, ஆமிக்காரன் சிரித்துக்கொண்டு போகவிட்டான். அன்றிலிருந்து அவருக்குப் புத்த சமயத்தில் ஞானம் பிறந்தது. நான்கு உண்மைகளையும் விரல் மடக்கிச் சொல்வார்: துன்பம் உண்டு, ஆசையே அதற்குக் காரணம், ஆசை போனால் துன்பம் போகும், போவதற்கு எட்டுப் படி வழி உண்டு. பெருவிரல் மிஞ்சும். அதால் கேற்றுக் கொளுக்கியைப் போடுவார்.

யாழ்ப்பாணத்தில் வீடு போய்விட்டதென்று ஒருவர் அழுதால், அது பற்று. பிள்ளையிடமிருந்து சேதி இல்லையென்றால், அதுவும் பற்று. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் பயந்து கழற்றிய தன் பெயர்ப்பலகைக்கும் பிற்பாடு ஒரு விளக்கம் கிடைத்தது: அனத்த, அதாவது 'நான்' என்று ஒன்று இல்லை. இவ்வளவு வசதியான சமயத்தை யார்தான் விடுவார்?

ஒரு வருஷம் வெசாக்குக்கு, புத்தர் பிறந்த பௌர்ணமிக்கு, அவருக்கு ஒரு யோசனை வந்தது. 'அனிச்சா வத சங்காரா', சேர்ந்ததெல்லாம் நிலையாதது என்ற வாசகத்தை வெள்ளைத் துணியில் சிங்கள எழுத்தில் எழுதி வாசலில் கட்டினால், பௌத்த வீடு என்று நினைத்து ஆமியின் சுற்றிவளைப்பு தாண்டிப் போகுமல்லவா? தெருக்களில் அப்படித் துணி தொங்குவதைப் பஸ்ஸிலிருந்து எத்தனையோ தடவை கண்டவர். இறங்கிப் பார்த்ததில்லை.

கிராண்ட்பாஸில் போர்ட் எழுதும் சங்கிலி என்பவன் வாசகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"எப்ப சார் எடுக்கிறீங்க?"

"நாளைக்குப் பின்னேரம்."

"அவ்வளவு சீக்கிரமாவா? வெளியூருலருந்து யாரும் வர வேணாமா?"

துணி வாங்க எதற்கு வெளியூர் ஆள்? நல்ல மனுஷன், ஆனால் விளக்கம் குறைவு என்று நினைத்துக்கொண்டார்.

வெசாக்குக்கு முதல் நாள் காலை துணி வாசலில் ஏறியது. அதே காலையில் பாண் வாங்கப் போன நாகேந்திரத்தைச் சந்தியில் பொலிஸ் பிடித்தது. அவர் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த நேசமலரின் தம்பி அவன். அவள் ஓடி வந்தாள்.

"ஐயா, ஒருக்கா பொலிசுக்கு வாங்கோ. வீட்டுக்காரர் வந்து எங்கட வீட்டிலதான் இருக்கிறான் எண்டு சொன்னா விடுவினமாம். பின்னேரம் வேற இடத்துக்கு ஏத்திப் போடுவினம்."

சிவபாதசுந்தரத்தார் கணக்குப் பார்த்தார். போனால் தன் பெயரையும் கேட்பார்கள், எழுதுவார்கள். கண்ணை மூடினார்.

"பிள்ளை, 'நான்' எண்டு ஒண்டு இல்லை. இல்லாத ஆள் வந்து என்னெண்டு பொறுப்பெடுக்கிறது?"

அந்த நேரம் கேற்றடியில் ஆட்கள். முன்வீட்டுச் சிங்கள அம்மா குசுமா நோனா வெள்ளைச் சேலையில், கையில் சீனிப் பொதியோடு. பின்னால் வெள்ளை உடுத்த இன்னும் நாலைந்து பேர்.

"கவுத நெத்தி உனே?" யார் மோசம் போனது என்று அவள் மெல்லக் கேட்டாள்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அந்தத் துணி கட்டுவது செத்த வீட்டில் என்று. வெள்ளைச் சேலையும் சீனிப் பொதியும் எதற்கு என்பதும், சங்கிலி எதை எடுக்கக் கேட்டான் என்பதும் தெரிந்தது. முகம் கறுத்துப் போனது. ஆனாலும் ஞானி தளருவாரா? வாசகத்தின் உட்பொருளைச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார்.

குசுமா நோனா அழுகிறவளைப் பார்த்தாள். நேசமலருக்குச் சிங்களம் இரண்டு சொல்தான் வந்தது. "மல்லி... பொலிசிய." தம்பி, பொலிஸ்.

சீனிப் பொதியைப் போதிசத்துவரின் கையில் வைத்துவிட்டு, நோனா நேசமலரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கினாள். செத்த வீட்டுச் சேலையோடு பொலிசில் மத்தியானம் வரை குந்தியிருந்தாள். முன்வீட்டுப் பையன், தினமும் காண்கிறேன், நான் பொறுப்பு என்று சொன்னாள். அவளுக்கு 'நான்' இருந்தது. கருணை என்ற சொல்லை அவள் ஒருமுறையும் எடுக்கவில்லை.

நாகேந்திரம் மத்தியானத்துக்குப் பிறகு, கன்னம் வீங்கி, உயிரோடு அந்தத் துணிக்குக் கீழால் நடந்து வந்தான். சிவபாதசுந்தரத்தார் கேற்றைத் திறந்தார்.

"பாத்தியே தம்பி, பொலிஸ் மறியலும் நிலையில்லை. நான் அப்பவே எழுதிக் கட்டினனான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை யாராவது வந்து "ஒருக்கா வாறீங்களோ" என்று கேட்கும்போது, உங்கள் கால் செருப்பைத் தேடுவதற்கு முந்தி வாயில் நல்ல வசனம் ஒன்று வந்துவிட்டால், வெட்கப்பட வேண்டாம். அந்தத் துணியைச் சிவபாதசுந்தரத்தார் தோய்த்து மடித்து வைத்திருக்கிறார். இரவல் கேட்டால் தருவார்.