மூன்று லாபம்

பயோடேட்டாவில் ஒரு பொய்கூடச் சொல்லாதவர் இருந்தால் எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள், கையெடுத்துக் கும்பிட வேண்டும். நான் சொன்ன பொய் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. சாத்தான்குளத்து இளவட்டங்கள் எல்லோருக்கும் கனவில் கப்பல் வரும். எனக்குக் கப்பலோடு செல்வியும் வருவாள். செல்வி, மாமா மகள்.

"ஹார்பர்ல வேலைன்னு ஆர்டரோட வா, பொண்ணு தாரேன். கருப்பட்டி எண்ணுதவனுக்கு எம்மவளக் கட்டிக் குடுக்க மாட்டேன்" என்று மாமா சொல்லிவிட்டார். (தன் கடையில் என்னை மூன்று வருஷம் கருப்பட்டி மூட்டை எண்ண வைத்தவரே அவர்தான்!)

தூத்துக்குடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த நண்பன் ஜேசுராஜ்தான் பயோடேட்டா அடித்துக் கொடுத்தான். "ஏலே, கருப்பட்டிக் கடைன்னு போட்டா எவன் கூப்பிடுவான்? கப்பல் சரக்கு எண்ணுனதுல மூணு வருஷ அனுபவம்னு அடிக்கேன்" என்றான். அதை இங்கிலீஷில் படித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இன்டர்வியூ. ஜேசுராஜின் ஷூ காலைக் கடிக்க, மேனேஜர் முன்னால் நின்றேன்.

"எந்தக் கப்பல்ல வேலை பாத்தீங்க?"

"நிறைய கப்பல் சார். எல்லாம் வெளிநாட்டுப் பேரு, வாயில நுழையாது."

அவர் சிரிக்காமல் எழுந்தார். "வாங்க. அங்கன தோணியில உப்பு மூட்டை ஏறுது. பத்து நிமிஷம் எண்ணிக் காட்டுங்க."

எனக்கு உயிர் வந்தது. மூட்டை எண்ணுவதில் நான் புலி. அங்கே வழக்கம், வாயைத் திறக்காமல் தாளில் கோடு போடுவது. எங்கள் பக்கத்துக் கருப்பட்டிக் கடைகளிலோ சத்தமாக எண்ண வேண்டும். அதிலும் முதல் மூட்டையை 'ஒண்ணு' என்று சொல்லக் கூடாது. மங்கலமாக 'லாபம்' என்போம். அப்புறம்தான் ரெண்டு, மூணு.

முதல் மூட்டை பலகையில் ஏறியது. என் வாய் தானாகத் திறந்தது.

"லாபம்!"

மூட்டை சுமந்தவர் திடுக்கிட்டு நிற்க, பின்னால் வந்தவர் அவர்மேல் மோதினார். "மன்னிச்சுக்கிடுங்க சார்" என்று மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் "லாபம்!" மூன்றாவது தடவை பல்லைக் கடித்துப் பார்த்தேன். பல்லிடுக்கு வழியாகவும் அதுதான் வந்தது.

"கருப்பட்டிக் கடைத் தம்பி! எந்தூரு?" என்று தோணியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"சாத்தான்குளம் அண்ணாச்சி." அன்று நான் சொன்ன முதல் உண்மை அது. அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "கடையில எண்ணுனேன்னு உள்ளத எழுதியிருந்தா இன்னைக்கே எடுத்திருப்பேன் தம்பி. எண்ணத் தெரிஞ்ச ஆளைத்தான் தேடுதோம். பொய் சொல்லுத ஆளை எப்படி வச்சுக்கிட?" என்றார். அது இன்றைக்கும் வலிக்கிறது.

செல்வி கைவிட்டுப் போனாள் என்றே பஸ் ஏறினேன். ஜன்னல் வழியே உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அந்த வாசனையைப் பின்னாளில் எத்தனையோ தடவை தேடிப் போயிருக்கிறேன். அன்று மட்டும் அழுகைதான் வந்தது.

கடையில் கல்லாவுக்கு முன்னால், பெட்டியடியில் இருந்த மாமாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். உள்ளே செல்வி களுக்கென்று சிரித்தது கேட்டது.

"மூணு தடவையும் லாபம்னா சொன்னே?"

"ஆமா மாமா."

"ஒரு தடவகூட ஒண்ணுன்னு வரலியால?"

"வரல மாமா."

அவர் பெட்டியடியை விட்டு எழுந்தார். "அப்ப நீ நம்ம கடை ஆளுதாம்ல. வா, சாப்பிடு."

தை மாதம் கல்யாணம். கடை இப்போது என் பொறுப்பில். பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, "நான் ஹார்பர்ல இருந்த காலத்துல..." என்று ஆரம்பித்தால் போதும், அடுக்களையிலிருந்து செல்வியின் குரல் வரும்:

"லாபம்!"