ஏர்கோன் அண்ணனின் ஆதாரங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஏர்கோன் அண்ணனைப் போலத் தவறு கண்டுபிடிக்கும் ஆள் கிடைக்கமாட்டார். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவர் கண்டுபிடித்த தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். தமிழில் அறிவியல் விளக்கம் தரும் இணையத்தளம் நடத்துகிறோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாசகர்களுக்கு ஒரு படிவம் உண்டு. மூன்றே கட்டங்கள்: என்ன தவறு, என்ன ஆதாரம், உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும். திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் எழுதியவர் பெயருக்குக் கீழே திருத்தியவர் பெயரும் ஏறிவிடும்.

என் பெயருக்கு முன்னால் 'பயிற்சி எழுத்தாளர்' என்று இருந்தது. தொடர்ந்து ஐந்து பக்கங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாரம், திருத்தம் வாங்காமல் தாண்டினால் 'பயிற்சி' போய்விடும். நடுவில் ஒன்று சிக்கினாலும் மறுபடியும் முதலிலிருந்து.

எங்கள் வீட்டில் ஆறாம் ஆண்டைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். காப்பாரில் லோரி ஓட்டும் அப்பா, என் பக்கங்களைக் கைப்பேசியில் திறந்து பட்டறையில் எல்லாருக்கும் காட்டுவார். ஒருநாள் கேட்டார்: "பயிற்சின்னு போட்டிருக்கானுங்களே, நீ பாஸ் பண்ணலையாடா?"

அன்றிலிருந்து அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாகிவிட்டது.

முதல் அடி ஏர்கோன் எனும் குளிரூட்டியைப் பற்றிய பக்கத்தில் விழுந்தது. 'ஏர்கோன் குளிரை உண்டாக்குகிறது' என்று எழுதியிருந்தேன். படிவம் வந்தது. பெயர்: ஏர்கோன் அண்ணே. தவறு: 'குளிர்னு ஒன்ன யாரும் செய்ய முடியாது லா. உள்ள இருக்கிற சூட்டத் தூக்கி வெளிய போடுது.' ஆதாரம்: 'வெளி மெஷின் பக்கத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க.'

அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்று மிடுக்காகப் பதில் எழுதினேன். அரை மணி நேரத்தில் ஒரு ஏர்கோன் கையேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல்.

அடுத்து பல்லி. அது காலில் சுரக்கும் பசையால் சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதிவிட்டேன். 'தவறு: பசை கிடையாது. ஆதாரம்: ஏர்கோன் கவருக்குள்ள தினம் ஒரு பல்லியப் பிடிக்கிறேன். கால் காஞ்சு கெடக்கு.' புத்தகங்களைப் புரட்டினேன். பாவி சொன்னது சரி.

நான்கு பக்கங்கள் தப்பித்து ஐந்தாவதில் மின்னல். ஒரே இடத்தில் இருமுறை தாக்காது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். 'ஆதாரம்: ஷா ஆலம்ல ஒரே கட்டடத்துக்கு மூணு தடவ ஏர்கோன் போர்டு மாத்திட்டேன்.' கருகிய போர்டுகள் மூன்றும் வரிசையாகப் படத்தில்.

எங்கள் ஆசிரியர் மேடம் என் கட்டுரைகளை மௌனமாகப் படிப்பார். ஏர்கோன் அண்ணனின் படிவங்களையோ உரக்கப் படித்து, சிரித்து, அச்செடுத்து, அலுவலகக் குளிர்பெட்டியில் ஒட்டுவார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஏர்கோன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருக்கும். நான் கறுப்புக் காப்பிக்கு மாறினேன்.

ஒருநாள் அலுவலக ஏர்கோன் ஒழுகியது. மேடம் அழைத்தது அவரைத்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஏணியும் வாளியுமாக வந்தார்.

"ஓ, பயிற்சித் தம்பி நீங்கதானா?"

கல் குத்தியது. "எங்கண்ணே படிச்சீங்க?" என்றேன், குத்தலாகத்தான்.

"ஃபார்ம் த்ரீயோட பள்ளிக்கூடம் ஸ்டாப் லா. ஏர்கோனுக்கு கேஸ் ஏத்துறப்போ அழுத்தம் காட்டுற கேஜையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். வீடியோ பார்த்தா தூக்கம் வருது தம்பி. உங்க பக்கத்தப் படிச்சா கோவம் வருது. தூக்கமே வராது!"

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். என் நகைச்சுவைக்கு அவர் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

அன்றே முடிவு செய்தேன், இனி அவர் கை படாத விஷயமாக எழுத வேண்டும் என்று. ஆழ்கடல், எரிமலை, பனிக்கரடி, துருவ ஒளி என்று நான்கு பக்கங்கள் தப்பின. ஐந்தாவதாக நெப்டியூனைப் பிடித்தேன். எந்த ஏணியும் எட்டாத இடம்.

ஆறு நாள் ஒன்றும் வரவில்லை. ஏழாம் நாள் காலை படிவம் வந்தது. ஏர்கோன் அண்ணே. உடனே திறந்தேன்.

'தவறு: எழுதினவர் பேருக்கு முன்னாடி பயிற்சின்னு இருக்கு. எடுத்துருங்க. ஆதாரம்: எனக்கு எட்டாத எடமாப் பார்த்து எழுதியிருக்காரு, இருந்தாலும் கேஸ் ஏத்திக்கிட்டே ரெண்டு தடவ படிச்சேன். கோவமே வரல. தூங்கிட்டேன், கேஸ் ஓவராப் போச்சு.'

மேடம் தலையில் கைவைத்தார். "இத ஏத்துக்கிட்டா விதிப்படி உன் பக்கத்துல ஒரு திருத்தம். மறுபடியும் ஒன்னுல இருந்து வரணும். தள்ளுபடி பண்ணா பயிற்சி சரின்னு நாமளே ஒத்துக்கிற மாதிரி. என்ன செய்யலாம்?"

"ஏத்துக்குங்க மேடம்," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அவர் ஏற்றுக்கொண்டார், கணக்கைத் திரும்பத் தொடங்கத்தான் மறந்துவிட்டார். நானும் நினைவூட்டவில்லை.

அன்று மாலை அப்பா அழைத்தார். "பயிற்சியத் தூக்கிட்டானுங்களே! சரி, உன் பேருக்குக் கீழ 'திருத்தியவர் ஏர்கோன் அண்ணே'ன்னு இருக்கே, யாருடா அது?"

எத்தனையோ நாள் அந்தப் பெயரை அழிக்கத் துடித்தவன் நான்.

"நம்ம ஆளுதான்பா," என்றேன்.