பூஜ்ய ட்ரிப்

இந்த மாதம் ஒரு நிமிடம்கூடத் தவறாது என்று டைம்கீப்பர் சபதம் செய்தார். சபதம் செய்த நேரம் காலை ஆறு மணி நான்கு நிமிடம். அதையும் குறித்து வைத்துக்கொண்டார்.

பஸ் டெப்போவில் பதினாறு வருடமாக அதுதான் அவருக்கு வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம், யாரால் தாமதம். டிரைவர்கள் தகராறு செய்தால் ஒரே பதில்தான். "மனுஷன் மறப்பான். ரெஜிஸ்டர் மறக்காது." அப்படிப்பட்டவரைப் பார்த்து, கருத்தரிப்பு மருத்துவமனையின் டாக்டரம்மா இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

"லேட்."

கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. டாக்டரம்மா சொன்ன வழி ஒன்றும் சிக்கலானதல்ல. மனைவி ஐந்து நாள் மாத்திரை சாப்பிட வேண்டும். மாதவிலக்கின் பதினோராம் நாளிலிருந்து தினமும் பகலில் பட்டையை நனைத்துச் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். பட்டையில் இரண்டு கோடும் ஒரே அழுத்தமாகத் தெரிந்தால் கருமுட்டை வெளியே வரப்போகிறது என்று அர்த்தம். மறுநாள் காலை கணவன் தன் பங்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தால், அதைக் கழுவிச் சுத்தம் செய்து, மெல்லிய குழாய் வழியே கருப்பைக்குள் விடுவார்கள். வெளியே வந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது.

"பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரிதான்" என்றார் டைம்கீப்பர்.

"இதுல அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மாசம் நிக்கணும் சார்" என்றார் டாக்டரம்மா.

இரண்டு முறை போனார்கள். இரண்டு முறையும் ஸ்கேனில் முட்டை எப்போதோ கிளம்பிப் போயிருந்தது. திரும்பி வரும்போது டைம்கீப்பர் முதலில் பட்டை தயாரித்தவனைத் திட்டினார். பிறகு மருத்துவமனைச் சுவர்க் கடிகாரத்தைத் திட்டினார். கடைசியில் பக்கத்தில் இருந்தவளிடம் வந்தார்.

"உன் உடம்பு ஷெட்யூலுக்கு முன்னாடியே வண்டியை எடுக்குதும்மா."

"அப்ப என் உடம்புக்கு ஒரு மெமோ குடுங்க."

மனைவி தையல்காரி. வயது முப்பத்தெட்டு. வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூலைக் கோத்தாள். ஆனால் மிதிக்கவில்லை.

"மூணாவது தடவையும் பாத்துடலாங்க. அதோட போதும்."

"ஏம்மா அப்படிச் சொல்றே?"

"மாசாமாசம் நம்பி நம்பி எனக்கு ஓய்ஞ்சுபோச்சு."

டைம்கீப்பருக்கு ஆறுதல் சொல்ல வராது. அட்டவணை போட வரும். மூன்றாவது முறை மாதவிலக்கு ஆரம்பித்த அன்று காலையில்தான் அந்தச் சபதம். கெட்டி அட்டையில் ஸ்கேல் வைத்து இருபத்தொன்பது கட்டம் போட்டார். பூஜ்யத்திலிருந்து இருபத்தெட்டு வரை எண் எழுதிச் சுவரில் மாட்டினார். தேதி போடவில்லை, கிழமை போடவில்லை. வருகிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடக் கூடாதல்லவா?

வருகிறவர் என்றால் கீழ்வீட்டு அக்காதான். அன்றைக்கே வந்தார்.

"இது என்ன தம்பி?"

"டியூட்டி சார்ட்டுக்கா."

"எந்த ரூட்டு?"

"புது ரூட்டு. இன்னும் பர்மிட் வரலை."

அக்கா போனதும் மனைவி அட்டையின் அருகில் வந்து நின்றாள்.

"என்னங்க, முதல் நாளைப் பூஜ்யம்னு போட்டிருக்கீங்க?"

"ஆமா. போன ரெண்டு மாசமும் மனசுல இப்படித்தான் எண்ணினேன். இப்ப எழுத்துல."

"ஏன் பூஜ்யம்?"

இந்தக் கேள்விக்காக அவர் பதினாறு வருடமாகக் காத்திருந்தது போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டெப்போவிலேருந்து ஸ்டாண்டுக்கு வண்டி காலியாத்தானே போகும்? ஆள் ஏறாத ஓட்டம். அதைப் பூஜ்ய ட்ரிப்புன்னு எழுதுவோம். அதுக்கு அடுத்ததுதான் ஒண்ணு. மாசத்துலயும் முதல் நாள் காலி வண்டிதான்."

"நர்ஸு முதல் நாளையே ஒண்ணுன்னுதான் விரல் மடக்கினாங்க."

"நர்ஸுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்கு முட்டையைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு டைம் தெரியும்!"

"என் டேப்புலயும்தான் பூஜ்யம் இருக்கு. அதுக்காக யாருக்காவது பூஜ்யம் இஞ்சுல சட்டை தைக்கறேனா?"

டைம்கீப்பர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். பதினொரு நிமிடம் ஆயிற்று. மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றாள்.

அவள் 'சரிங்க' என்றால் பேச்சு முடிந்துவிட்டது என்று அவர் ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

தினமும் காலை எழுந்ததும் சிவப்புப் பென்சிலால் அன்றைய கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். ஒருநாள் ஏழாவது கட்டத்தில் போடலாம் என்று பென்சிலோடு வந்தவர் அப்படியே நின்றார். ஏழில் ஏற்கெனவே குறி இருந்தது.

"என்னம்மா, நேத்து ஆறுதானே?"

"எனக்கென்ன தெரியும்? உங்க சார்ட்டு. உங்க பென்சிலு."

"நேத்து ஆறு போட்டதா ஞாபகம்."

"ஞாபகம்தானே? ரெஜிஸ்டர்ல என்ன இருக்கு?"

டைம்கீப்பர் அட்டையைப் பார்த்தார். ரெஜிஸ்டரில் ஏழு இருந்தது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் எட்டில் குறி போட்டார். அன்று டெப்போவில் ஒவ்வொரு நேரத்தையும் இரண்டு முறை சரிபார்த்தார்.

பதினோராம் கட்டத்தில் குறி விழுந்த அன்று பகல், டெப்போவில் போன் அடித்தது. பக்கத்தில், எந்நேரமும் தூங்கியே 'குறட்டை' என்று பெயர் வாங்கிய டிரைவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

"என்னங்க, ரெண்டு கோடு."

"ரெண்டும் ஒரே அழுத்தமா?"

"ஒரே அழுத்தம்."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. ஒண்ணு வெளுத்திருந்தா வண்டி இன்னும் வரலைன்னு அர்த்தம்."

குறட்டை ஒரு கண்ணைத் திறந்தார். "எந்த வண்டி சார் வரலை?"

"நீ தூங்குய்யா. நாளைக்கு எனக்கு லீவு."

"என்ன விஷயம் சார்?"

"பல்வலி."

"மாசாமாசமா?"

டைம்கீப்பர் போனை வைத்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் டப்பாவைச் சட்டைக்குள் வைத்து, சூடு ஆறாமல் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு போனார். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை நர்ஸ் இரண்டு முறை படித்தாள். 'புறப்பாடு 8.05. வருகை 8.31. தாமதம் இல்லை.'

"எடுத்த நேரத்தை மட்டும் போட்டாப் போதும் சார்."

"முழுசா இருக்கட்டும். பின்னால பிரச்சினை வரக் கூடாது."

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். நிமிர்ந்தார். "இந்தத் தடவை சரியான நேரம். முட்டை இன்னும் கிளம்பலை."

எல்லாம் முடிந்தபின் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். டைம்கீப்பர் கட்டிலின் அருகில் நின்றார். நேரத்தைப் பார்க்கவில்லை. அவள் கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை நிமிடம் பிடித்திருந்தார் என்று பிறகு கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதிலிருந்து பதினைந்தாம் நாள், கர்ப்பம் பார்க்கும் வேறொரு பட்டையில் வேறு இரண்டு கோடு வந்தது. மனைவி அழுதாள். டைம்கீப்பர் மூன்று முறை மூக்கைச் சிந்தினார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

"பாத்தியா? டைமிங்!"

"பாத்தேங்க."

"நர்ஸு பேச்சைக் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"யோசிச்சாலே பயமா இருக்குங்க."

குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டும் என்று டைம்கீப்பருக்கு ஆசை. கிளம்புமுன் ஈரத்துணியால் தூசி துடைத்தார். ஆறு அழியவில்லை. எட்டு அழியவில்லை. ஏழின் மேலிருந்த குறி மட்டும் துணியோடு வந்துவிட்டது. விரலில் சிவப்பு மாவு. முகர்ந்து பார்த்தார். தையல் மெஷின் டிராயரைத் திறந்து பார்த்தார். துணியில் அளவு குறிக்கும் சிவப்புச் சாக்குக்கட்டி அங்கே சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"இது நீ போட்டதா?"

"ஆமாங்க."

"ரெஜிஸ்டரைத் திருத்தியிருக்கே!"

"ஒரு நாள் குறைச்சலா இருந்தது. ஒட்டுப் போட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். பதினொரு நிமிஷம் பூஜ்ய ட்ரிப்பு கேட்டேன்."

டைம்கீப்பர் வழி முழுக்க விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டே வந்தார். மருத்துவமனை வாசலில், "எப்படியிருந்தாலும் பூஜ்யத்தை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றார்.

"சரிங்க."

உள்ளே திரை இருட்டாக இருந்தது. டாக்டரம்மா கருவியை ஒரு பக்கம் நகர்த்தினார், மறுபக்கம் நகர்த்தினார். பிறகு சிரித்தார்.

"சாப்பிட்ட மாத்திரை நல்லாவே வேலை செஞ்சிருக்கு. சார், நீங்கதான் கணக்குல புலியாச்சே. துடிக்கிற புள்ளியை எண்ணுங்க."

டைம்கீப்பர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். விரலை நீட்டினார். மனைவி எதிரில் இருந்தாள். மானம் பெரிது.

"பூஜ்யம்... ஒண்ணு." விரல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போய் நின்றது. "ஒண்ணுதான்!"

"சரிங்க" என்றாள் மனைவி. "ஒண்ணை நான் பாத்துக்கறேன். பூஜ்யம் அழுதா நீங்க தூக்கிக்குங்க."