சைபர் தசம் ஒன்பதில் வந்த சக்களத்தி

கல்முனைக்குடி,
02.05.1988

அன்பு மருமகன் ஸலாஹுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமன் ஆதம்பாவா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு உன் உம்மா சுகம், என் புடவைக்கடை சுகம், கடைப் பூனையும் சுகம். உன் மாமி ஸகியாவின் சுகத்தை யாரிடமாவது விசாரித்துத்தான் எழுத வேண்டும். ஏனென்றால் வெள்ளிக்கிழமையிலிருந்து நான் வியாபாரிகள் சங்கக் காரியாலயத்தில், உன் புரோகிராம் ஓடுகிற அந்தக் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன். பள்ளிவாசல் கஞ்சியில் நோன்பு திறக்கிறேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப ஆளில்லை.

எல்லாம் உன் நம்பர்களால் வந்த வினை. அங்கத்தவர்களின் குடும்ப விபரம் முழுவதையும் ஒரே பெட்டிக்குள் போட்டால், யாருக்கு மருந்துச் செலவு, யாருக்கு மையத்து அடக்கச் செலவு என்று பொத்தானை அமுக்கினால் தெரியும் என்றாய், சரி என்றேன். சோதனைக்கு முதலில் வருவது அல்பா, அடுத்தது பீட்டா என்றாய். யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று நினைத்துக்கொண்டு அதற்கும் சரி என்றேன். 0.8 என்று நம்பர் போட்ட டிஸ்க் வந்தபோது சங்கத் தலைவருக்கும் அவருடைய பேரனுக்கும் ஒரே பிறந்த தினம் காட்டியது, பொறுத்துக்கொண்டோம். பிறகு 0.9 வந்தது, அதற்குப் பிறகு 0.10 வந்தது. நான் சீத்தைத் துணி விற்றுக் கிழவனாகிறவன். எனக்குத் தெரிந்த கணக்கில் சைபர் தசம் ஒன்பது என்றால் தொண்ணூறு சதம், சைபர் தசம் ஒன்று சைபர் என்றால் பத்துச் சதம். பெடியன் அவசரத்தில் பழைய டிஸ்க்கை அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன். சங்கத்துக் கிளார்க் கனகரெத்தினத்திடமும் கேட்டேன்.

“ஓம் முதலாளி, தொண்ணூறு சதம் கையில இரிக்கக்குள்ள பத்துச் சதத்த ஆர் எடுப்பான்?” என்றார் அவர். இரண்டு புத்திசாலிகளும் சேர்ந்து 0.10-ஐக் கழற்றி வைத்துவிட்டு 0.9-ஐத் திரும்பவும் ஏற்றி, அங்கத்தவர் விபரத்தைப் பிரின்ட் எடுத்து ஜும்ஆவுக்கு முன்பே சங்கச் சுவரில் ஒட்டினோம். அதில் என் பெயருக்கு நேரே என்ன இருந்தது தெரியுமா? ‘மனைவி 1: ஸகியா. மனைவி 2: ஸுல்பிகா, மாவடிப்பள்ளி.’

நான் வீடு போய்ச் சேருவதற்குள் அடுத்த வீட்டு சுஹறா மூலமாகச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மாமி வாசல் படலையில் நின்றாள்.

“மாவடிப்பள்ளியில இரிந்தா வாறீங்க?”

“இல்ல புள்ள, கடையில இரிந்து.”

“ஓ, அவ கடைக்கே வந்திட்டாவோ?”

“அல்லாஹ்வே! அது பீட்டா புள்ள!”

“அது ஆரு, மூணாவதோ?”

வீடு அவளுடைய சீதன வீடு. அதில் எனக்குச் சொந்தம் ஒரு குடையும் ஒரு மூக்குக்கண்ணாடியும்தான். இரண்டும் படலைக்கு வெளியே வந்தன, பின்னால் நானும் வந்தேன்.

0.10 டிஸ்க்கு உறைக்குள் நீ மடித்து வைத்த துண்டுக் காகிதத்தைப் பிறகுதான் வாசித்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு குடும்பம் இருந்தால் புரோகிராம் தாங்குமா என்று பார்க்க, மாமாவின் பெயரில் ஒரு பொய் மனைவியைச் சேர்த்ததாகவும், ஒன்பதுக்கு அடுத்தது பத்து என்பதால் 0.10-இல் அவளை நீக்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். புரோகிராம் தாங்கியதடா மகனே, நான்தான் தாங்கவில்லை. சோதனைக்கு ஊரில் வேறு ஆம்பிளை கிடைக்கவில்லையா? உள்ள ஒருத்தியிடமே வெற்றிலை வாங்கச் சில்லறை கேட்டு நிற்கிற என்னிடமா பார்க்க வேண்டும்?

ஆகையால் இது கண்டதும், இனிச் சோதனை இல்லை என்று சொல்லத்தக்க 1.0-ஐக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறு. மாமிக்கு முன்னால் நின்று, அப்படி ஒரு ஸுல்பிகா பிறக்கவே இல்லை என்று சொல்லு. பெருநாளைக்காவது நான் வீட்டில் சோறு தின்ன வேண்டும்.

உனக்கு நீண்ட ஆயுளையும், நம்பர் போடும்போது கொஞ்சம் இரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
பாயில் இருந்து,
மாமன் ஆதம்பாவா

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாமியே காரியாலயத்துக்கு வந்துவிட்டாள். கனகரெத்தினம் 0.10-ஐப் போட்டுக் காட்டினார், உன் துண்டையும் வாசித்தார். ஸுல்பிகா பொய் என்று மாமிக்கு விளங்கிவிட்டது. “அந்தப் பத்தக் கழட்டிட்டு ஒம்பதயே போடுங்க” என்றாள். “ரெண்டு பேருக்கும் சமனா எடுக்கணும் எண்டுதானே மார்க்கம் செல்லுது. பெருநாளைக்கு எனக்கொரு சாரி, அவவுக்கொரு சாரி. அவட சாரியையும் நானே உடுக்கிறன். பாவம், அவ ஒண்டும் நினைக்கமாட்டா.” எனக்கும் துணிவு வந்து, “அப்ப ராவும் சமன்தானே, அவட முறைக்கு நான் எங்க போற?” என்றேன். “இஞ்சதான். அவ குடியிரிக்கிற வீடு இந்தப் பெட்டிதானே.”

இன்றைக்கு வீட்டில் படுக்கை. நாளைக்குத் திரும்பவும் இங்கே. இந்தக் கடிதத்தை வாசித்து ஒட்டித் தபாலில் போடப்போவது உன் மாமி. ஆகவே, மருமகனே, 1.0 எனக்கு வேண்டவே வேண்டாம்.