நாலரைப் பேர் தங்கிய அறை

பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு, தீப்பிடித்தால் அணைக்க வேண்டுமென்று இரண்டு வாளி மணலை வாசலில் வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ரூல் அண்ணாச்சி. சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை மணல். அதில் இரண்டு வாளி மணலைத் தனியாக எடுத்து வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆமத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்குக் கட்டட வேலைக்குப் போனபோது, தொழிலாளர் கேம்ப்பில் எனக்குக் கொடுத்த அறையில்தான் அவரைப் பார்த்தேன். அவருக்கு ஊர் அச்சங்குளம். பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஆலையை விட்டு வந்தாரே தவிர, ஆலையின் சட்டங்களை விட்டுவிட்டு வரவில்லை. உள்ளே நுழையும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தரையைத் தொடுவார். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டு இறங்க வேண்டுமாம். நைலான் துணி கூடாது, இடுப்பில் பருத்திச் சாரம்தான் கட்ட வேண்டும். செல்போன் எல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். மணி அடித்தால், கூப்பிடுவது யார் வீட்டுக்காரி என்று தெரியாமல் எல்லோரும் எழுந்து ஓடுவோம்.

"அண்ணாச்சி, இங்கன மருந்து எங்க இருக்கு? அரிசியும் வெங்காயமும்தான கெடக்கு" என்பான் எங்கள் அறையிலிருந்த சாத்தூர் ஸ்டீபன்.

"இல்லாத எடத்துல பழகுனாத்தாம்லே, இருக்க எடத்துல மறக்காது."

அவருடைய சொத்து இரண்டு சாரம், மூன்று சட்டை, ஒரு பாய், ஒரு தட்டு. சட்டைகளில் பை கிடையாது. அவரே பிரித்து எடுத்துவிட்டார். ஏன் என்று ஸ்டீபன் கேட்டான்.

"பை இருந்தா எதையாவது போடத் தோணும். போட்டா தொலையும். தொலைஞ்சா தேடணும். எனக்கு ஏதுலே அம்புட்டு நேரம்?"

வேலை முடிந்து வந்தால் நேரத்தைத் தவிர வேறெதுவும் அவரிடம் இல்லை என்பது கேம்ப்புக்கே தெரியும்.

மற்ற அறைகளில் டிவிக்குச் சண்டை, சார்ஜருக்குச் சண்டை. எங்கள் அறையில் பார்ப்பதற்கு எதுவுமில்லாததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, யார் ஊரில் மழை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கம்பளி, செண்டு, பெரிய டிவி என்று வாங்கவேண்டிய சாமான்களை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நாலு மாதத்தில் அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்பதே மறந்துவிட்டது.

ஒரே ஒரு சட்டம்தான் என்னை உறுத்தியது. மருந்து அறையைப் போலவே, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நான் ஐந்தாவது ஆள். நான் பெட்டியோடு வந்து நின்ற அன்றே, அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்தார். பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்க வாய் வரவில்லை. "சாப்பிட்டீகளா அண்ணாச்சி" என்பதற்கு மேல் நான் பேசியதில்லை.

குளிர்காலம் அப்படியே போயிற்று. பிறகு வெயில் வந்தது. வராந்தாத் தரையில் கால் வைக்க முடியாது. கேம்ப்பை மேற்பார்க்கிற கேம்ப் பாஸ் வந்து சத்தம் போட்டார்.

"உள்ளே படு. இல்லேன்னா ஊருக்கு அனுப்பிருவேன். நீ மயங்கி விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்."

"நாலு பேருக்கு நாலு வாசல் வேணும் சார். இருக்கது ஒண்ணு. மிச்சம் மூணு எப்பப் போடுவீக?"

வெள்ளிக்கிழமை வரைதான் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

என்னால் ஒரு மனிதருக்கு வேலை போகப்போகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, என்னையப் பிடிக்கலன்னா சொல்லிருங்க. வேற ரூம் கேட்டுப் போயிருதேன்."

"ஏலே கிறுக்கா, ஒன்னைய யாருலே பிடிக்கலன்னது?" என்றார். "ஆலையில ஒரு சீசன்ல எங்க ரூம்ல பொறி பட்டுருச்சு. நாலு பேரு, நாலு வாசல். ஆளுக்கொரு வாசலா ஓடிட்டோம். மீசைதான் கருகுச்சு. அஞ்சாவதா ஒருத்தன் இருந்திருந்தா, நீ போ நீ போன்னு எவனாவது நின்னுருப்பாம்லே. புதுசா வந்தவன நான் எப்படி வெளிய அனுப்ப? அதான் நான் வந்துட்டேன்."

நான் வாசற்படியைப் பார்த்தேன்.

"அப்பத் தலைய மட்டும் உள்ள வைங்க அண்ணாச்சி. காலு வெளிய கெடக்கட்டும்."

"அது எம்புட்டுப் பேரு கணக்கு?"

"நாலரை."

"நாலரைக்கு ரூல் இல்லையே."

"கூடாதுன்னும் ரூல் இல்லையே."

வாழ்க்கையில் நான் ஒருவரை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். அவர் எழுந்தார். தரையைத் தொட்டார். வாசற்படிக்குக் குறுக்கே பாயை விரித்தார்.

வெள்ளிக்கிழமை வந்த கேம்ப் பாஸ், வெளியே நீட்டியிருந்த இரண்டு கால்களையும் உள்ளே குறட்டை விட்ட தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆள் உள்ளேயா, வெளியேயா?"

"பாதிப்பாதி சார்" என்றான் ஸ்டீபன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

அந்த வெயில்காலம் முழுக்கக் கதவைச் சாத்த முடியவில்லை. ஏசிக் காற்றெல்லாம் பாலைவனத்துக்குப் போனது. எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. கதவைச் சாத்தச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "தீப்பிடிச்சா இந்த மனுசனத் தாண்டித்தான் ஓடணும்" என்று ஸ்டீபன் கிண்டல் செய்வான். நான் சிரித்துக்கொள்வேன். அப்படி ஒன்று நடந்தால், எங்கள் நாலு பேரையும் எண்ணி வெளியே அனுப்பிவிட்டுத்தான் அண்ணாச்சி அந்த வாசலை விட்டு நகர்வார் என்று எனக்குத் தெரியும்.